முதல் காட்சியில் யாருடைய கண்?

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' 1975 ஜூன் 20 அன்று அமெரிக்காவில் வெளியானது. சுறாப் படம் என்று ஊரறிந்த அந்தப் படத்தின் முதல் காட்சியில் சுறாவைக் காட்டவே இல்லை. காட்டப்படுவது ஒரு பெண். இரவு நேரம். கடற்கரையில் தீ மூட்டி இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். மவுத் ஆர்கனும் கிடாரும் கேட்கின்றன. ஒருவன் கிறிஸ்ஸி என்ற பெண்ணைப் பார்க்கிறான். அவன் பார்ப்பதால் நாமும் பார்க்கிறோம். அவள் எழுந்து, மணல்மேட்டு வேலியோரமாக ஓடிக்கொண்டே உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடலில் இறங்குகிறாள். போதையில் தடுமாறும் அவன் கரையிலேயே சரிந்துவிடுகிறான். இப்போது கேமரா தண்ணீருக்கு அடியில் போகிறது. மேலே நீந்தும் அவளுடைய உடல், நீர்ப்பரப்பின் வெளிச்சத்தில் நிழலுருவமாகத் தெரிகிறது. கீழேயிருந்து ஏதோ ஒன்று அவளைப் பார்க்கிறது. அந்த ஏதோ ஒன்றின் கண்ணில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு படத்தின் முதல் சில நிமிடங்கள் கதையைத் தொடங்கிவைக்கின்றன என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு முன்பே அவை இன்னொரு வேலையைச் செய்துவிடுகின்றன: பார்ப்பவரை ஓர் இடத்தில் உட்காரவைக்கின்றன. யாருக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும், யாருடைய மூச்சைக் கேட்க வேண்டும், யாரை முகமாகவும் யாரைக் காலாகவும் இடுப்பாகவும் காண வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் காட்டும் இருக்கை ஒன்று, இது இன்னொன்று. இரண்டாவது இருக்கையில் பெண்கள் பல பத்தாண்டுகளாக ஆணின் மடியில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறோம். கொலுசுச் சத்தம் முதலில், பாதம் அடுத்து, முகம் கடைசியில் என்று கதாநாயகி வந்துசேரும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'ஜாஸ்' காட்சியை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். டைட்டில் ஓடும்போதே கேமரா கடலடியில், பாசிகளுக்கிடையே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள் மாறி மாறி, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஒலிக்கின்றன. அதாவது, ஒரு மனித முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நாம் வேட்டையாடும் மிருகத்தின் கண்ணுக்குப் பழகிவிட்டோம். அதற்கு அடுத்த கண் தீயருகே உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனுடையது. அதற்கு அடுத்தது மறுபடியும் சுறாவுடையது. ஆசையோடு பார்ப்பதும் இரையாகப் பார்ப்பதும் சில நிமிட இடைவெளியில் ஒரே சரட்டில் கோக்கப்படுகின்றன. இதை யாரும் வசனமாகச் சொல்லவில்லை. எந்த ஷாட்டுக்கு அடுத்து எந்த ஷாட் என்ற வரிசை சொல்லிவிடுகிறது. அவள் இழுபட்டுக் கத்தும்போது ஒரு கட். கரையில் அந்தப் பையன் கண்மூடிக் கிடக்கிறான், அலை மெல்ல வந்து போகிறது. மறுபடி அவள். மறுபடி அவன். கடைசியில் கடல் ஒன்றும் நடக்காததுபோல் அமைதியாகிவிடுகிறது.

அந்தப் பெண்ணாக நடித்தவர் சூசன் பேக்லினி என்ற ஸ்டண்ட் கலைஞர். அவருடைய இடுப்பில் பட்டை கட்டி, அதில் கயிறு பிணைத்து, கரையிலிருந்து ஆட்கள் இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்திருக்கிறார்கள். அலறலும் மூச்சுத்திணறலும் பிற்பாடு தனியாக ஒலிப்பதிவு செய்யப்பட்டன. மைக்கின் முன் அவர் தலையை அண்ணாந்து நிற்க, மேலிருந்து தொண்டையில் தண்ணீர் ஊற்றி அந்தச் சத்தத்தைப் பிடித்தார்கள் என்று படத்தின் தயாரிப்பு வரலாற்றில் சொல்லப்படுகிறது. நம்மை நடுங்கவைத்த அந்த ஒலிக்குப் பின்னால் ஓர் உழைப்பாளியின் தொண்டை இருக்கிறது. படத்தின் போஸ்டரிலும் அவள்தான்: மேலே நீந்தும் ஒரு பெண்ணுடல், கீழிருந்து எழும் பற்கள். முகத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

இந்தக் காட்சியை வெட்டி ஒட்டியவரும் ஒரு பெண். வெர்னா ஃபீல்ட்ஸ். 'ஜாஸ்' எடிட்டிங்குக்காக ஆஸ்கர் பெற்றவர். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் பழுதாகிக்கொண்டே இருந்தது என்பதும், அதனால் சுறாவைக் காட்டாமலே பயமுறுத்த வேண்டியிருந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. காட்டாமல் பயமுறுத்துவது எடிட்டரின் மேஜையில் நடக்கும் வேலை. எந்தக் கணத்தில் மேலே, எந்தக் கணத்தில் கீழே, சத்தத்தை எப்போது நிறுத்துவது என்ற முடிவுகளில் ஒரு கணம் கூடினாலோ குறைந்தாலோ பயம் சிரிப்பாகிவிடும். ஃபீல்ட்ஸ் பல ஆண்டுகள் சவுண்ட் எடிட்டராக இருந்து வந்தவர். காதால் வெட்டத் தெரிந்தவர். ஹாலிவுட்டில் அவரைச் செல்லமாக அழைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'கத்தரிக்கும் அம்மா' என்று வரும். ஆண் எடிட்டர் எவரையும் இப்படி 'அப்பா' என்று அழைத்ததாக நான் படித்ததில்லை.

ஒரு பெண்ணுடலை இரையாக வைத்த காட்சியை ஒரு பெண் அவ்வளவு திறமையாகத் தொகுத்திருக்கிறார் என்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது? அவரைக் குற்றவாளியாக்குவது எளிது, பயனற்றதும்கூட. அவர் எந்த அறையில், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டால் வரலாறு கொஞ்சம் தெளிவாகும்.

மௌனப் பட காலத்தில் படத்தொகுப்பு என்பது ஒரு கலையாகக் கருதப்படவில்லை. ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டி, பசை தடவி ஒட்டும் வேலை. நுணுக்கமான விரல்கள் வேண்டும், பொறுமை வேண்டும், கூலி குறைவு. எனவே பெண்களின் வேலை. தையல்போல, பின்னல்போல என்றே அதைப் பேசினார்கள். 1920களில் எடிட்டிங் மேஜைக்கு வந்த மூவியோலா என்ற இயந்திரத்தின் கடகடப்பும் தையல் மெஷினை நினைவூட்டுவதுதான். மார்கரெட் பூத் இளம்பெண்ணாக டி.டபிள்யூ. கிரிஃபித்தின் நிறுவனத்தில் ஃபிலிம் ஒட்டும் வேலையில் சேர்ந்தவர். பிறகு எம்ஜிஎம் நிறுவனத்தின் தலைமை எடிட்டராகி 1968 வரை அங்கே கோலோச்சினார். அந்த ஸ்டுடியோவின் படம் எதுவும் அவர் கண்ணில் படாமல் வெளியே போவது அரிது. ஆன் பௌச்சென்ஸ் நாற்பது ஆண்டுக்காலம் செசில் பி. டிமில்லின் படங்களைத் தொகுத்தார். 1940இல் வந்த படத்துக்காக எடிட்டிங்கில் ஆஸ்கர் பெற்ற முதல் பெண்ணானார். ஆல்மா ரெவில் லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவில் பதின்ம வயதில் வேலைக்குச் சேர்ந்து எடிட்டரானவர். ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் இயக்குநராவதற்கு முன்பே அவருக்கு எடிட்டிங் தெரியும். பின்னாளில் உலகம் அவரை ஹிட்ச்காக்கின் மனைவி என்று மட்டும் அறிந்தது. சோவியத் ஒன்றியத்தில் எலிசவேதா ஸ்விலோவா. கணவர் ஸீகா வெர்தவின் 'மேன் வித் எ மூவி கேமரா' (1929) படத்தைத் தொகுத்தவர். அந்தப் படத்திலேயே அவர் மேஜையருகே உட்கார்ந்து ஃபிலிம் சுருள்களைப் பிரித்தெடுக்கும் காட்சி வருகிறது. உறைந்து நிற்கும் முகங்கள் அவர் கை பட்டதும் அசையத் தொடங்குகின்றன. வேலை செய்யும் எடிட்டரின் கையைத் திரையில் காட்டிய படங்களில், அதுவும் பெண்ணின் கையைக் காட்டியவற்றில், இதற்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பேசும் படம் வந்தபின் நிலைமை மாறியது. ஒலி என்றால் மின்சாரம், மின்சாரம் என்றால் ஆண்களின் தொழில் என்ற கணக்கில் எடிட்டிங் அறைக்குள் ஆண்கள் அதிகம் வந்தார்கள். சம்பளமும் மரியாதையும் அவர்களோடு சேர்ந்து வந்தன. ஏற்கெனவே உள்ளே இருந்த பெண்கள் சிலர் தாக்குப்பிடித்தார்கள். புதிதாக நுழைவது கடினமாயிற்று. இந்தியாவில் கதை வேறு விதம். இங்கே எடிட்டிங் அறை தொடக்கத்திலிருந்தே ஏறத்தாழ ஆண்களுடையது. புனே திரைப்படக் கல்லூரியில் 1970களில் படித்து வெளிவந்த ரேணு சலூஜா 'பரிந்தா', 'தாராவி', 'சர்தார்', 'காட்மதர்' ஆகிய படங்களுக்காக நான்கு தேசிய விருதுகள் பெற்றார். அவர் படிக்க விரும்பியது இயக்கம். அதில் இடம் கிடைக்காததால் எடிட்டிங்குக்குப் போனவர்.

வெர்னா ஃபீல்ட்ஸைப்போலவே ஒலியிலிருந்து எடிட்டிங்குக்கு வந்த இன்னொருவர் டீடி ஆலன். கொலம்பியா ஸ்டுடியோவில் எடுபிடி வேலையில் தொடங்கி, ஒலிப்பிரிவில் உழைத்து மேலே வந்தார். ஆர்தர் பென் இயக்கிய 'போனி அண்ட் க்ளைட்' (1967) அவர் தொகுத்தது. அதன் தொடக்கம் நம் கேள்விக்கு ரொம்ப முக்கியமானது. டைட்டில் ஓடும்போது பழைய குடும்பப் புகைப்படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.  கேமரா ஷட்டரின் 'க்ளிக்' கேட்கிறது. பிறகு திரை நிறைய ஒரு பெண்ணின் உதடுகள், சிவப்புச் சாயத்தோடு. இது பழைய வித்தை, பெண்ணைத் துண்டாக்கிக் காட்டும் குளோசப். ஆனால் அடுத்த சில நொடிகளில் ஒன்று நடக்கிறது. அவள் கண்ணாடியிலிருந்து திரும்புகிறாள், புழுக்கமான அந்த அறையில் இங்குமங்கும் நடக்கிறாள், கட்டிலில் விழுகிறாள், தலைமாட்டுக் கம்பிகளை முஷ்டியால் குத்துகிறாள். கம்பிகளுக்குப் பின்னால் அவளுடைய முகம், சிறையில் இருப்பதுபோல. ஷாட்டுகள் சீராக ஒட்டாமல் துள்ளித் துள்ளி வருகின்றன. அவளுக்குச் சலிப்பு தாங்கவில்லை என்பதை வசனம் சொல்வதற்கு முன்பே வெட்டுகள் சொல்லிவிட்டன. அதன்பிறகு அவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறாள். அம்மாவின் காரருகே ஓர் ஆண். முதலில் பார்ப்பது அவள், பார்க்கப்படுவது அவன்.

கேமரா அவளுடைய நிர்வாணத்தைத் தின்னவும் செய்கிறது, அவளுடைய எரிச்சலுக்குள் நுழையவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஃபே டனவேயின் உடலைப் படம்பிடித்தது வழக்கமான ஆசை. அதைத் தொகுத்தவருக்கோ அறைக்குள் அடைபட்ட ஒருத்தியின் நரம்பு தெரிந்திருக்கிறது. இதை நிரூபிக்க முடியாது என்பதை அறிந்தே சொல்கிறேன். டீடி ஆலனின் கைவரிசை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது இன்னொன்று: அடுத்த காட்சியின் சத்தம் இந்தக் காட்சி முடிவதற்குள்ளேயே வந்துவிடுவது. இன்று டிவி தொடர்கள்வரை எல்லோரும் செய்கிறார்கள். படத்தின் தொடக்கத்தில் எடிட்டரின் பெயர் தனி அட்டையில் வந்தது ஹாலிவுட்டில் அவருக்குத்தான் முதல் முறை என்று சொல்வார்கள்.

1975க்குத் திரும்புவோம். ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசப் பெண்கள் ஆண்டாக அறிவித்த வருஷம் அது. 'ஜாஸ்' கோடையில் வந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பிரிட்டனின் 'ஸ்க்ரீன்' இதழில் லாரா மல்வியின் 'காட்சி இன்பமும் கதைசொல்லும் சினிமாவும்' என்ற கட்டுரை வெளியானது. கேமராவின் பார்வை, அரங்கில் இருப்பவரின் பார்வை, படத்துக்குள் இருக்கும் பாத்திரங்களின் பார்வை என்று மூன்றைப் பிரித்துக் காட்டினார் மல்வி. முதல் இரண்டும் மூன்றாவதற்குள் ஒளிந்துகொள்வதால்தான், ஆண் பாத்திரம் பெண்ணைப் பார்ப்பதை நாம் இயல்பென்று ஏற்றுக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். தீயருகே உட்கார்ந்திருந்த பையனை நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவும் நாமும் அவனுக்குள் புகுந்துகொண்டுதான் கிறிஸ்ஸியைப் பார்த்தோம். அந்தக் கட்டுரையை எழுதும்போது மல்வி 'ஜாஸ்' பார்த்திருக்க வழியில்லை. அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டது ஹிட்ச்காக்கையும் ஸ்டெர்ன்பெர்கையும். கோட்பாடு பொருந்துகிறதென்றால் அந்தப் பார்வை எவ்வளவு பழகிப்போனது என்று தெரிகிறது.

மல்வி சொன்ன 'பெண்' யார் என்ற கேள்வியும் பின்னால் வந்தது. 1992இல் பெல் ஹூக்ஸ் எழுதிய கட்டுரை ஒன்று, கறுப்பினப் பெண்கள் திரையில் பார்க்கப்படும் வெள்ளைப் பெண்ணாகவும் தங்களை உணரவில்லை, பார்க்கும் ஆணாகவும் உணரவில்லை என்றது. அடிமைகள் எசமானரை நிமிர்ந்து பார்த்ததே தண்டனைக்குரியதாக இருந்த வரலாற்றிலிருந்து வந்தவர்களுக்கு, திரையை எதிர்த்துப் பார்ப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது என்கிறார் அவர். பார்ப்பதற்கே அனுமதி வேண்டியிருந்த சமூகங்களை நமக்கும் தெரியும். ஆகவே 'பெண் பார்வை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், எந்தப் பெண், எந்த ஜன்னலிலிருந்து என்றும் கேட்க வேண்டும்.

ஜன்னல் என்றதும் எனக்கு நினைவு வருவது சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964). தாகூரின் 'நஷ்டநீட்' என்ற நெடுங்கதையை வைத்து எடுத்த படம். காலம் 1879, இடம் கல்கத்தா. டைட்டில் ஓடும்போது ஒரு பெண்ணின் கைகள் துணியில் 'பி' என்ற ஆங்கில எழுத்தைப் பூவேலையாகப் பின்னிக்கொண்டிருக்கின்றன. கணவன் பூபதியின் பெயரின் முதல் எழுத்து. தையலும் எடிட்டிங்கும் ஒன்றென்று பேசப்பட்ட வரலாற்றை வைத்துப் பார்த்தால், ஊசி ஏறி இறங்குவதில் தொடங்கும் இந்தப் படம் எனக்குக் கூடுதலாக ஏதோ சொல்வதுபோலத் தோன்றும். ராய் அதை நினைத்திருக்க மாட்டார்.

பிறகு சில நிமிடங்கள், ஏறத்தாழ வசனமே இல்லை. கடிகாரம் மணியடிக்கிறது. சாரு வேலையாளைக் கூப்பிட்டு ஐயாவுக்குத் தேநீர் கொண்டுபோகச் சொல்கிறாள். புத்தக அலமாரியில் விரலை ஓட்டி, பங்கிம் சந்திரரின் பெயரை ராகமாக முணுமுணுத்து, ஒரு புத்தகத்தை எடுக்கிறாள். அப்போது தெருவிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. குரங்காட்டியின் உடுக்கை. மரச் சட்டங்கள் அடுக்கிய ஜன்னல் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். போதவில்லை. ஓடிப்போய், கைப்பிடி வைத்த சின்னத் தூரக்கண்ணாடியை எடுத்துவருகிறாள். குரங்காட்டி, பல்லக்குத் தூக்கிகள், குடை பிடித்துப் போகும் ஒரு குண்டு மனிதர். அவர் நகர நகர, சாருவும் ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு அறைகளைக் கடந்து ஓடுகிறாள். மாதவி முகர்ஜியின் முகத்தில் ஒரு பள்ளிப் பிள்ளையின் குறும்பு.

இங்கே கேமரா செய்வதைக் கவனியுங்கள். தெருவைக் காட்டும் ஷாட்டுகள் எல்லாம் அவள் இருக்கும் உயரத்திலிருந்து, ஜன்னலின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையில்தான் கிடைக்கின்றன. கேமரா அவளைவிட்டுத் தெருவில் இறங்கிப் போவதில்லை. அவளுக்கு எட்டுவதுதான் நமக்கும் எட்டும். ஒலியும் அப்படியே. வெளியுலகம் அவளுக்கு முதலில் சத்தமாக வருகிறது; அவள் அதைத் தேடிப் போய்ப் படமாக்கிக்கொள்கிறாள். அந்தப்புரத்தில் இருந்த பெண்கள் காலங்காலமாக உலகத்தை அறிந்த வரிசை இதுதான்: காது முன்னே, கண் பின்னே.

அடுத்த சத்தம் பூட்ஸ் காலடி. பூபதி வருகிறான். தாழ்வாரத்தில் அவளைக் கடந்து உள்ளே போகிறான், ஒரு புத்தகத்தோடு திரும்பி வருகிறான், படித்துக்கொண்டே மறுபடி அவளைக் கடந்து போகிறான். அவள் அங்கே நிற்பது அவனுக்குத் தெரியவே இல்லை. சாரு தூரக்கண்ணாடியைத் தூக்கி, போகும் கணவனைப் பார்க்கிறாள். கண்ணாடி வழியே அவன் முதுகு பக்கத்தில் வருகிறது. தெருவில் போன குண்டு மனிதரைப் பார்த்த அதே கண்ணாடி. அவள் கையைத் தாழ்த்தியதும் கேமரா சட்டென்று பின்வாங்குகிறது, அவளிடமிருந்து நாம் தூக்கி எறியப்பட்டதுபோல.

ஒரு திருமணம் எப்படி இருக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இயக்கியவர், ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா, தொகுத்த துலால் தத்தா என்று மூவரும் ஆண்கள். பார்வையை ஒரு பெண்ணின் கையில் கொடுப்பது ஆண்களால் முடியாததல்ல, பெரும்பாலும் செய்யாதது. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சாருவின் சலிப்பு, வேலையாள் தேநீர் போட்டுக் கொடுக்கும் வீட்டின் சலிப்பு. பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஜன்னலாக ஓட நேரம் இருக்கும் பெண்ணின் பார்வை அது. அந்த வீட்டின் சமையலறையில் இருந்தவர்களின் கண்ணுக்குக் கேமரா போகவில்லை.

சமையலறைக்குப் போன படம் 1975இல், அதே மே மாதம் கான் விழாவில் இயக்குநர்களின் இருவாரப் பிரிவில் திரையிடப்பட்டது. பெல்ஜியத்தின் ஷாந்தால் அக்கெர்மான் இயக்கிய 'ழான் டீல்மான், 23, கே டு கொமெர்ஸ், 1080 பிரஸ்ஸல்ஸ்'. 201 நிமிடம். தலைப்பே ஒரு பெண்ணின் பெயரும் முகவரியும். போலீஸ் கோப்பில் எழுதுவதுபோல. அக்கெர்மானுக்கு அப்போது 24 வயது. ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்த், எடிட்டிங் பத்ரீசியா கனீனோ. குழுவில் பெரும்பாலோர் பெண்கள்.

தொடக்கக் காட்சியில் டெல்ஃபின் சேரிக் நடித்த ழான், அடுப்பில் பாத்திரம் வைத்துக்கொண்டிருக்கிறாள். அழைப்பு மணி அடிக்கிறது. வீட்டுவேலைக்கான மேலங்கியைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் போகிறாள். வந்தவன் ஓர் ஆண். அவனுடைய தொப்பியையும் கோட்டையும் வாங்கிக்கொள்கிறாள். இந்த ஷாட்டில் சட்டகம் தலைகளை வெட்டிவிடுகிறது: உடம்பும் கையும் தெரிகின்றன, முகம் தெரியவில்லை. இருவரும் நடைகூடத்தின் கோடியில் இருக்கும் படுக்கையறைக்குள் போகிறார்கள். கதவு மூடுகிறது. கேமரா நடைகூடத்திலேயே நிற்கிறது. உள்ளே போகவே இல்லை. ஒரு கட். அதே நடைகூடம், வெளிச்சம் மட்டும் மங்கிவிட்டது. கதவு திறக்கிறது. அவன் பணம் கொடுக்கிறான், அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போகிறான். அவள் அந்தப் பணத்தைச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் மூடிபோட்ட பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடுகிறாள். பிறகு உருளைக்கிழங்கைப் போய்ப் பார்க்கிறாள்.

மற்ற எந்தப் படத்திலும் கேமரா ஆவலோடு நுழைந்திருக்கக்கூடிய அறை அது. அக்கெர்மான் அந்த நேரத்தை ஒரே கட்டில் கடந்துவிட்டார். பதிலாக, மற்றவர்கள் ஒரே கட்டில் கடந்துவிடும் வேலைகளை முழுசாக வைத்தார்: குளிப்பது, தொட்டியைத் தேய்ப்பது, மேஜை விரிப்பை மடிப்பது, பாத்திரம் கழுவுவது. முத்தமும் கார் விபத்தும் சினிமாவில் உயர்ந்த இடத்தில் இருக்கின்றன, பெண்கள் பாத்திரம் தேய்ப்பது கடைசிப் படியில் இருக்கிறது என்ற பொருளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். அந்தப் படிவரிசையைக் கலைக்க அவர் பயன்படுத்திய கருவி வெட்டுதான். எங்கே வெட்டுவது, எங்கே வெட்டாமல் காத்திருப்பது.

கேமராவை வைத்த உயரமும் கவனிக்க வேண்டியது. அக்கெர்மான் குள்ளமானவர், தன் கண்ணின் உயரத்தில் அதை நிறுத்தினார். அது நகர்வதில்லை. முகத்தருகே போவதில்லை. ஒருவர் முகம், எதிரே இருப்பவர் முகம் என்று மாறி மாறிக் காட்டுவதும் இல்லை. மல்வி சொன்ன மூன்று பார்வைகளில் முதலிரண்டும் ஒளிந்துகொள்ள இங்கே ஓர் ஆணின் கண் கிடைப்பதில்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது நமக்கு உறைக்கிறது, சங்கடப்படுத்துகிறது. இசையும் கிடையாது. குதிகால் செருப்பின் டக்டக், ஒவ்வொரு அறையை விட்டு வரும்போதும் அணைக்கும் மின்விளக்கின் சொடுக்கு, குழாய் நீர், தட்டு வைக்கும் சத்தம். வீட்டுவேலைக்கு ஒரு தாளம் உண்டு என்பது செய்பவர்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் அந்தத் தாளத்துக்கு நம் காதைப் பழக்கிவிட்டதால்தான், இரண்டாம் நாள் அது ஓரிடத்தில் பிசகும்போது, உருளைக்கிழங்கு அடுப்பில் அதிக நேரம் இருந்துவிடும்போது, நமக்கு வயிற்றைப் பிசைகிறது. சுறாவின் இரண்டு சுரங்கள் செய்த வேலையை இங்கே ஒரு விளக்கின் சொடுக்கு செய்கிறது.

கான் திரையிடலில் பலர் பாதியில் எழுந்து போனார்கள். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ், பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் விமர்சகர் வாக்கெடுப்பில் இதைத்தான் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1952இல் தொடங்கிய அந்தப் பட்டியலில் ஒரு பெண் இயக்கிய படம் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

படத்தின் தொடக்கத்தில் கேட்கும் பெண் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கதைகளில் அசரீரி என்று ஒன்று உண்டு. உடல் இல்லாத குரல். வானத்திலிருந்து வந்து தீர்ப்புச் சொல்லும். சினிமாவில் அந்த உரிமை நெடுங்காலம் ஆணுக்கே இருந்தது. எல்லாம் அறிந்தவராக, திரைக்கு வெளியே எங்கோ இருந்து கதையைத் தொடங்கிவைப்பவர் ஆண். பெண்ணின் குரல் எப்போதும் உடலோடு கட்டப்பட்டிருந்தது: அலறல், அழுகை, பாட்டு, முனகல். காஜா சில்வர்மன் 1988இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாகக் காட்டினார். கிறிஸ்ஸியின் தொண்டையை நினைத்தால் சில்வர்மன் சொல்வது உடனே புரியும்.

ஜேன் கேம்பியனின் 'தி பியானோ' (1993) தொடங்கும்போது திரையில் செம்மஞ்சள் நிறத்தில் தெளிவில்லாத பட்டைகள். என்னவென்று புரிய ஒரு கணம் ஆகிறது. யாரோ தன் முகத்தை மூடியிருக்கும் விரல்களின் இடைவெளி வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஷாட்டில் அந்தக் கண்ணை மறுபுறத்திலிருந்து காண்கிறோம். ஏடா. ஆறு வயதிலிருந்து பேசாதவள். ஸ்காட்லாந்திலிருந்து நியூசிலாந்துக்கு, முகம் தெரியாத ஒருவனுக்கு அப்பா கட்டிக்கொடுத்து அனுப்பும் பெண். ஆனால் நமக்கு ஒரு குரல் கேட்கிறது. அது தன் மனத்தின் குரல் என்று அவளே சொல்லிவிடுகிறாள். படத்தில் வேறு யாருக்கும் கேட்காத அந்தக் குரல், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் நமக்குக் கிடைக்கிறது. இடையில் அவளுக்காகப் பேசுவது பியானோவும் மகளும் சைகையும்.

முதலில் அவள் பார்ப்பது. பிறகுதான் அவளைப் பார்ப்பது. அந்தப் பார்வைகூட அவள் தன் கையால் பாதி மூடிவைத்த பார்வை. எவ்வளவு காட்டலாம் என்பதை விரலை அகற்றியும் சேர்த்தும் அவளே தீர்மானிக்கிறாள். படத்தைத் தொகுத்தவர் வெரோனிகா ஜெனெட். அந்த ஆண்டு கான் விழாவின் தங்கப் பனை விருது இன்னொரு படத்தோடு சேர்த்து இதற்குக் கிடைத்தது. அதை வாங்கிய முதல் பெண் இயக்குநர் கேம்பியன். அடுத்த பெண் ஜூலியா டுகோர்னோ. அதற்கு 2021வரை 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.